எட்டும் நான்தான்

அக்கா,

இன்று காலை டீக்கடையில் புதுப் பீங்கான் கப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார். ‘ணங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் விரிசல். அந்த டொக் காதில் விழுந்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்கள் மூன்றாவது பாட்டுக்குத் தாளமே அதுதானே.

கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. உங்களுக்குப் பீங்கான் பட்டறையில் வேலை, எனக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. ஒரு நாள் கேசட் ஒன்றை நீட்டி, “இத சிடியா போட்டுக் குடு தம்பி” என்றீர்கள். ஓடவிட்டேன். முதலில் ஒப்பாரி. அது அடங்குவதற்குள் கும்மி. அடுத்தது விரிசல் கப்புகளைத் தட்டி ஒரு குத்துப்பாட்டு. பிறகு சாமி பாட்டு, தாலாட்டு, என்ன வகை என்றே பிடிபடாத இன்னும் மூன்று. பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு குரல். எல்லாவற்றுக்கும் பின்னால் மண் அரைக்கும் எந்திரத்தின் கடகடப்பு.

“எத்தன பேருக்கா பாடியிருக்காங்க?”

“எட்டும் நான்தான்.”

சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து, முதலில் பாடிப் பிடித்த டேப்பை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து பாடி இன்னொரு டேப்பில் பிடித்திருக்கிறீர்கள். எதிரொலிக்கு ஊறுகாய் ஜாடிக்குள் வாயை வைத்துப் பாடினேன் என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். என் கடையில் சாவுக்கு ஒரு அடுக்கு, கல்யாணத்துக்கு ஒரு அடுக்கு, சாமிக்கு ஒரு அடுக்கு. அந்தப் பழக்கத்தில் உங்கள் எட்டையும் மூன்று சிடியாகப் பிரித்து, எந்திரச் சத்தத்தையும் முடிந்தவரை குறைத்து, பெருமையாக நீட்டினேன். நின்றபடியே கேட்டீர்கள். முகம் சிவந்துவிட்டது.

“சாவு வூடும் கல்யாண வூடும் ஒரே தெருவுலதான் தம்பி இருக்குது. பிரிக்க நீ யாரு? அந்த மிஷினு சத்தத்துலதான் நான் நாள் பூரா இருக்கேன், அதையும் வை.”

வைத்தேன். இருந்த வரிசையிலேயே மறுபடி ஒரே சிடியாகப் போட்டு, கடையில் விற்கவும் வைத்தேன். முதலில் வாங்கிய கருவேப்பிலங்குறிச்சிக்காரர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். “சிடி கெட்டுப்போச்சுங்க, பாட்டு மாறி மாறி வருது.” உங்களிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் ஒரு பாட்டைக்கூட மாற்றவில்லை.

நேற்று உங்கள் முதல் வருஷ நினைவு நாள். மைக் செட் என் பொறுப்பு. உங்கள் அண்ணன் வந்து, “சாமி பாட்டு மட்டும் போடுப்பா. வேற எதாச்சும் வந்தா மானம் போயிடும்” என்றார். தலையை ஆட்டிவிட்டு ஒப்பாரியிலிருந்து தொடங்கினேன். கும்மி வந்ததும் பந்தலே திரும்பிப் பார்த்தது. குத்துப்பாட்டில் உங்கள் அண்ணன் எழுந்தே வந்துவிட்டார்.

“நிறுத்துறியா இல்லியா?”

“மாட்டேங்க” என்றேன். உங்கள் மகள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு அவரிடம் சொன்னாள். “ஓடட்டும் மாமா. அம்மா வெச்ச வரிசை இது.”

எட்டும் ஓடியது. முடியும்போது பாதி நாற்காலி காலி. போகட்டும், நீங்கள் அவர்களுக்காகப் பாடவில்லை. எனக்கும் இனி யார் தயவும் வேண்டாம். யார் கேட்டாலும் எட்டையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். வேண்டாதவர் வேறு கடை பார்க்கட்டும்.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் அண்ணன் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“சாமி பாட்டு அவ பாடினதுன்னு தெரியும். மத்ததெல்லாம் யாருப்பா பாடினது?”

“எட்டும் உங்க தங்கச்சிதாங்க.”

காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மொதல்லேருந்து போடு” என்றார்.