சாவி எவன் பாக்கெட்டில்?

இன்று மதியம் நாகரசம்பட்டிப் பக்கம் அறுவடை. அறுவடை வண்டியின் தொட்டியிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி ஊதிப் பார்த்தேன். பாதி நெல் தோலுரிந்து, அரிசி பிளந்து கிடந்தது. உடனே உன்மேல்தான் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன்டா.

நாம் வேலை பார்த்த ஓசூர் கம்பெனியில் பிரஸ் மெஷினுக்குள் எவனாவது கையை விட்டால் ஷெட்டே அதிரக் கத்துவாய். “சாவி எவன் பாக்கெட்ல இருக்கு? ஆஃப் பண்ணி, சாவிய எடுத்துக்கிட்டு, அப்பால உள்ள கைய வுடுடா!” சூப்பர்வைசரையே ஒருமுறை சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தவன் நீ.

அதே நீ, நாம் கூட்டாக வாங்கிய பழைய அறுவடை வண்டியிடம் வேறு ஆளாகிவிட்டாய். நீ செத்த அன்றும் இப்படித்தான் நெல் உடைந்தது. காலை ஈரத்துக்கு வைத்த வேகம், வெயிலில் கதிர் காய்ந்ததும் அதிகமாகிவிட்டது. விதைநெல் வேறு, உடைந்தால் முளைக்காது. வயல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்தாய், சரி. உருளைக்கும் அடிச்சல்லடைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினாய், அதுவும் சரி. ஆனால் விரலை விட்டுப் பார்த்தால்தான் உனக்கு நம்பிக்கை வரும். லீவரை இழுத்து உருளையை மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்து மூடியைத் திறந்தாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆஃப் பண்ணுடா” என்றேன்.

“பேட்டரி வீக்கு. ஆஃப் பண்ணா இழுக்கறதுக்கு டிராக்டர் தேடணும். மழை வேற வர்ற மாதிரி இருக்குது. வுட்டு எடுக்கற நேரந்தான், இரு.”

தேய்ந்த லீவர் நழுவியது, உருளை சுழன்று உன் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வரைகூட நீ தாங்கவில்லை. அன்று மழையும் பெய்யவில்லை.

விதியாம். சாவு வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மனைவி மட்டும், “கம்பெனியில அத்தினி பேருக்குச் சொல்லுவாரே, இங்க ஏன்ணா சாவிய எடுக்கல?” என்று கேட்டாள். நானும் அதையேதான் கேட்கிறேன். கம்பெனி மெஷின் என்றால் உயிர், சொந்த வண்டி என்றால் அவசரமா உனக்கு?

இன்று நான் எஞ்சினை நிறுத்தினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டினேன். “மானம் கறுத்துக்கிச்சு, இப்பப் போயி நிறுத்தறியேப்பா!” என்று வயல்காரர் கத்தினார். கத்தட்டும் என்று மூடியைத் திறந்து, நிதானமாக இடைவெளியைச் சரிசெய்தேன். மறுபடி ஓட்டி அள்ளிப் பார்த்தபோது நெல் முழுசாக இருந்தது.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உன் குரலில் நானே கத்துகிறேன், சாவி எவன் பாக்கெட்ல இருக்கு என்று. என் பாக்கெட்டில்தான் இருக்கிறது, படுபாவி. அன்று உன் பாக்கெட்டில் இருந்திருக்க வேண்டும்.