பச்சை ஆட்டுக்குட்டிகள் இனி இல்லை

அன்பு மகன் புத்துவுக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே யாரும் படுக்கையில் இல்லை, நீயும் அந்தப் பெர்த் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். எனக்குக் கழுத்துவலி விடவில்லை, ஆனாலும் முக்குளிக்க வருகிறவர்களின் காற்றுச் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கூழாங்கல் கரையில் நடக்கத்தான் நடக்கிறேன், வேறு யார் நடப்பார்கள். கலுங்கான் பண்டிகைக்கு வாசல் மூங்கிலை உன் தம்பி கொமாங் ஒற்றை ஆளாக நட்டான். அப்பா எழுந்துகூட வரவில்லை. முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டக் கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார், கேட்டால் காது அடைக்கிறது என்கிறார், காதுமில்லை மூக்குமில்லை.

நீ படம் திருத்திக் கொடுக்கிற உன் முதலாளி மறுபடி படமெடுக்க வருகிறாராம், அப்பா அந்தப் பச்சை ஆட்டுக்குட்டிகளைக் காட்டட்டும் என்று எழுதியிருக்கிறாய். அரிசிமணி அளவு கடல்நத்தைக்கு ஆட்டுமுகம் இருப்பதைப் பார்க்க உலகமே வருகிறது, ஆனால் காட்ட ஒன்றுமில்லையடா. போன தடவை அது உட்கார்ந்திருந்த பாசி பாறை இடுக்கில் இருந்தது, அவர் கேமரா நுழையவில்லை. நீதானே போனில் சொன்னாய், "அது பாசியோட பச்சையைத் தின்னு உடம்புல வச்சுக்கிட்டு வெயில்லயே பொழைச்சுக்கும்ப்பா, பாசியைப் பிச்சு இடுக்குக்கு வெளியே வச்சா ஒண்ணும் ஆகாது, நான் படிச்சிருக்கேன்" என்று. குச்சியால்கூட எதையும் தொடாத மனுஷன், தொடுகிற வழிகாட்டிகளைக் கரையில் வைத்தே திட்டுகிறவர், பெற்ற பிள்ளை சொன்னதற்காகப் பிய்த்தார். சில நாளில் பாசி அழுகியது, குட்டியும் போனது. அதோடு நின்றதா, "நெங்கா அண்ணனே பிச்சாச்சு, நமக்கென்ன" என்று அப்பா பெயரைச் சொல்லியே மற்ற வழிகாட்டிகளும் ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். இப்போது அங்கே வெறும் மணல். வெயில் மட்டும் நன்றாக அடிக்கிறது.

முதலாளிக்குப் பரிசு கிடைத்த அந்தப் படத்தை அனுப்பியிருந்தாயே, கொமாங் பெரிதாக்கிக் காட்டினான். பாசியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தது அப்பாதான், அதனால் தன் கட்டைவிரல் ஓரத்தில் இருக்கும் என்று தேடினார். "அதை அண்ணன் வெட்டியிருப்பான்ப்பா, அதானே அவன் வேலை" என்றான் கொமாங். அப்பா, "சுத்தமாத்தான் வெட்டியிருக்கான்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலாளியை அனுப்பாதே, வருவதானால் நீ வா. வயிறு வாடாமல் சாப்பிடு, தெய்வங்கள் உன்னைக் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், நீ வெட்டிய அந்த ஓரத்துண்டு இன்னும் இருந்தால் அதை மட்டும் அப்பாவுக்கு அனுப்பு.

உன் அம்மா,
சுகெர்தி