கானாங்கோழிக் குட்டை

சேலையூர்,
ஏப்ரல் 2006

சிரஞ்சீவி அனிருத்துக்கு அம்மாவின் ஆசிகள். மஸ்கட்டில் நீயும் ஜெயஸ்ரீயும் சௌக்கியம்தானே? போனில் நீ அவசரமாகக் கேட்பதும் நான் அவசரமாகப் பதில் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பதிலைக் கையால் எழுது.

கொல்லைக் குட்டை வற்றி, நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மடையான் கொக்கு ஒன்று சேற்றில் அசையாமல் நின்று, வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. உன் அப்பா இருந்தால் கல்லெடுத்து விரட்டியிருப்பார். சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் விரட்டவில்லை.

நாளெல்லாம் பின்வாசலில் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாய். என்னைத் தவிர இந்த வீட்டில் உயிரோடிருப்பதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அம்மா


சேலையூர்,
செப்டம்பர் 2006

சிரஞ்சீவி அனிருத்துக்கு ஆசிகள். உன் கடிதம் வரவில்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆடியில் பெய்த மழையில் குட்டை பாதி நிறைந்துவிட்டது. கோரைக்குள் கானாங்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. தாய்க்கு முகமும் மார்பும் பளிச்சென்ற வெள்ளை. குஞ்சுகள் அடுப்புக்கரி நிறம். தாய் வாலை வெட்டி வெட்டி நடக்க, அவை தடுக்கி விழுந்து பின்னால் ஓடுகின்றன. தவளைச் சத்தத்தில் டி.வி. செய்தி காதில் விழுவதில்லை. நஷ்டமில்லை.

காலனியில் சிக்குன்குனியா. பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெபராஜ் ஆட்களோடு வந்து, “கொசு எல்லாம் உங்க குட்டையிலேர்ந்துதான் வருது மேடம். மண்ணைக் கொட்டி மூடிடலாமே” என்றார். காப்பி கொடுத்து, குட்டைத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு அவர் முன்னால் வைத்தேன். ஒரு புழு இல்லை. மீனும் தவளையும் விட்டுவைத்தால்தானே? அவர் வீட்டு மாடித் தொட்டிக்கு மூடியில்லை என்பதையும் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மா உள்ளேயிருந்து, “அவுரு வூட்டு டிரம்முல புழு நெளிஞ்சிகினு கீது, இங்க வந்துட்டாரு மூடறதுக்கு!” என்றது கூடம் வரை கேட்டுவிட்டது. நான் கண்டிக்கவில்லை. “உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா மேடம்” என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.

எனக்கும் இரண்டு நாளாக முழங்கால் வலி. வயதுதான்.

அம்மா


சேலையூர்,
டிசம்பர் 2006

சிரஞ்சீவி அனிருத்துக்கு ஆசிகள். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

அந்த வலி வயதல்ல, காய்ச்சல் என்று தெரிந்து கன்னியம்மா என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது உனக்குத் தெரியும். திரும்பி வந்த அன்று நடந்ததை நான் போனில் சொல்லவில்லை. கேட்டைத் திறந்ததுமே மெக்கானிக் ஷெட் வாடை. கழிவு ஆயிலில் ஊறிய மரத்தூளைச் சாக்கு சாக்காகக் குட்டையில் போட்டிருந்தார்கள். கொசுவுக்காகச் சாக்கடைக்குச் செய்கிற வைத்தியம். போதாதென்று ஒரு கேனை அப்படியே ஊற்றியும் இருந்தார்கள். மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. கன்னியம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாரிப் புதைத்தாள்.

தாய்க் கானாங்கோழி கரையில் உட்கார்ந்து, கறுத்துப்போன மார்பை அலகால் கோதிக்கொண்டே இருந்தது. கோதக் கோத எண்ணெய் உள்ளேதான் போயிற்று. மறுநாள் கோரையடியில் கிடந்தது. குஞ்சுகளைக் காணவில்லை.

ஜெபராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், “நாங்களா செய்யலை மேடம். உங்க சன்னுக்கு போன் போட்டுத்தான் செஞ்சோம். அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே முடிச்சிடுங்க, வந்துட்டா விடமாட்டாங்கன்னாரு” என்றார்.

என் நன்மைக்கென்றுதான் சொல்லியிருப்பாய். மழை எண்ணெயை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீனில்லாத தண்ணீரில் இப்போது நிஜமாகவே கொசுப்புழு. யார் செய்யச் சொன்னது என்று கன்னியம்மா இன்னும் கேட்கிறாள். தெரியவில்லை என்றே சொல்லிவருகிறேன். என் பிள்ளையைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லி நான் கேட்க முடியாது.

கூடுவாஞ்சேரியில் முதியோர் இல்லம் பார்த்திருப்பதாகவும், ஃபிளாட் கட்டுகிறவர் ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார் என்றும் போன வாரம் சொன்னாய். நேற்று வந்தார். செருப்போடு கொல்லை வரை போய் டேப் பிடித்து அளந்தார். பிறகு என்னிடம், “ஓனர் எப்ப வருவாரு பாட்டி?” என்று கேட்டார்.

வீடு என் பெயரில் இருக்கிறது. அதைச் சொல்லிச் சண்டை போட நான் எழுதவில்லை. எனக்குக் காது கேட்கிறது, அனிருத். கேட்டால் பதில் சொல்லவும் தெரிகிறது. இனி இந்த வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ யார் போன் செய்தாலும், ‘அம்மாவைக் கேளுங்கள்’ என்று மட்டும் சொல். உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

நீயும் ஜெயஸ்ரீயும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வயதான பிறகு, உங்களைக் கேட்காமல் யாரும் உங்கள் வாசலுக்குள் வராமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
அபிதகுஜாம்பாள்