எதிர் வீட்டு இங்கிலீஷ்

எதிர் குவார்ட்டர்ஸுக்கு இன்று காலையிலிருந்து வெள்ளையடிக்கிறார்கள். வேறு யாருக்கோ அலாட் ஆகியிருக்கிறதாம். சுண்ணாம்பு வாடை தெருவைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்துவிட்டது. களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். திறந்து கிடந்த கதவு வழியே உன் ஹால் தெரிந்தது. டிவி மாட்டியிருந்த ஆணியை ஒரு ஆள் சுத்தியலால் பிடுங்கிக்கொண்டிருந்தான். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நல்லதை மட்டும் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை.

என் பெண் நித்யாவுக்குச் சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்த வருஷம் அது. லீவில் வந்திருந்தபோது, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். கடலூர்க் காலேஜில் இங்கிலீஷ் மீடியத்தில் பி.எஸ்ஸி. படித்தவள் நான். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. அதெல்லாம் என்ன என்று கேட்டேன். "விடும்மா, உனக்குப் புரியாது" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை பதினோரு மணிக்கு டிவியில் கோட்டு போட்ட இரண்டு பேர் பங்குச் சந்தையைப் பற்றி வாக்குவாதம் செய்வார்களே, அதைப் பார்த்து வார்த்தைகளைப் பழகிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். தனியாக உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. அதனால் உன்னைக் கூப்பிட்டேன். "சும்மா துணைக்கு வா" என்றுதான் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

நீ குறிஞ்சிப்பாடியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். தமிழில் பத்தாவதோடு நின்றவள். முதல் நாள் அவர்கள் 'ராலி' என்றதும், யூனியன்காரர்கள் கடைவீதியில் போகும் ஊர்வலமா என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு, விலை தொடர்ந்து ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். அந்த நாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் சொல்ல நீ கேட்டுக்கொள்கிற வரைக்கும் நம் சிநேகிதம் எனக்கு வசதியாகவே இருந்தது.

உன் டிவி பெரியது என்று ஒரு மாதத்தில் வகுப்பு உன் வீட்டுக்கு மாறியது. நான் அகராதியைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நீ எதையும் எழுத மாட்டாய். உதட்டை அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாய், கொஞ்சம் யோசிப்பாய். 'லிக்விட்' என்றால் எளிதில் பணமாக்கக்கூடியது என்று நான் வாசித்துக் காட்டினேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "அவசரத்துக்குக் கழட்டித் தர்றோமே வளையலு, அதுதானக்கா லிக்விட்டு? எங்கப்பா அரைக்காணி நெலத்த வெச்சிகினு விக்க முடியாம அல்லாடினாரே, அது லிக்விட்டு இல்ல" என்றாய். 'வாலடைல்' என்றால் நிலையில்லாமல் சட்டென்று ஏறி இறங்குவது என்று வாசித்தேன்; நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷன் என்றாய். அன்று நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

நீ தப்புத் தப்பாகப் பேசினாய், ஆனால் பேசினாய். நான் மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி, இலக்கணம் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

பொங்கலுக்கு நித்யா வந்தபோது கரும்பு கொடுக்க வந்தாய். அவளைப் பார்த்ததும், "மார்க்கெட் வெரி வாலடைல். யூ ஆல்சோ வாலடைல்? நோ ஈட்டிங்?" என்றாய். அவள் விழுந்து விழுந்து சிரித்து உன்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினீர்கள். உள்ளே நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஈடு கருகியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நித்யா போனில் என்னிடம் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, "ஆண்ட்டி இருக்காங்களா?" என்பாள். கொஞ்ச நாளில் உன் நம்பருக்கே நேராகக் கூப்பிட ஆரம்பித்தாள். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக் கொய்யா மரத்தடியில் நடப்பாய். அவள் சிரிப்பது என் வாசல் வரை கேட்கும்.

ஒரு நாள் தெருக்குழாயடியில் நீ கேட்டாய்: "ஏங்கக்கா, நித்யாவ மும்பைக்கு மாத்திட்டாங்களாமே, ஒங்ககிட்ட சொல்லலியா?"

அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னாள் என்று உன்னிடம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். நித்யாவுக்கு வேலை அதிகம், நீ பேசுவது அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறது, உன்னிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாள் என்றேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. நீ கீரையைப் பார்த்தபடியே, "அப்படிங்களா. புள்ள நேராவே சொல்லியிருக்கலாம், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாய். நித்யாவிடம், ஆண்ட்டிக்கு வீட்டில் ஏதோ கஷ்டம், போனில் பேசச் சங்கடப்படுகிறாள் என்றேன். அவள் நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள். நீ எடுக்கவில்லை. அத்தோடு நின்றுவிட்டது. அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என்னிடம் நீ எப்போதும்போலவே இருந்தாய். பதினோரு மணிக்கு டிவியைப் போட்டு எனக்குப் பாயை விரித்தாய். ஆனால் வார்த்தைகளுக்கு நீயாக அர்த்தம் சொல்வதை விட்டுவிட்டாய். "நீங்களே சொல்லுங்கக்கா" என்பாய். நான் சொன்னேன். நாலு மாதம் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு ஒரு காலை பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இரண்டாம் நாள் ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிஷம் என்னை விட்டார்கள். சொல்லிவிடுவது என்றுதான் உள்ளே வந்தேன். "நித்யா நல்லாருக்குதா?" என்று கேட்டாய். நல்லா இருக்கிறாள் என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

நித்யா மும்பையிலிருந்து ஓடிவந்தாள். எனக்கு ஒன்று ஆகியிருந்தால் இப்படி அழுவாளா என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன். நீ போன மூன்றாம் நாள் கேட்டாள்: "ஆண்ட்டி ஏம்மா எங்கிட்ட பேசறத நிறுத்திட்டாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "அவங்க நான் சொன்னேன்னு நெனச்சிட்டே போயிட்டாங்களாம்மா?" என்றாள். நான் தலையை மட்டும் அசைத்தேன். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். இரண்டு மாதம் போன் இல்லை.

உன் வீட்டுக்காரர் ரிட்டயராகி மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய்விட்டார். நித்யா இப்போது மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். போன வாரம் ஏதோ சந்தைச் செய்தி சொன்னாள். நான் தப்பே இல்லாமல் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் பதில் சொன்னேன். "நல்லா பேசறம்மா" என்றாள். சிரிக்கவில்லை.

நீ போனபிறகாவது இது தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. உன் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், கூடவே, அந்தக் கொய்யா மரத்தடியில் அவள் உன்னிடம் அப்படி என்னதான் பேசினாள் என்று கேட்கவும் தோன்றுகிறது. நீ இப்போது எழுந்து வந்தால் இரண்டில் எதை முதலில் கேட்பேன் என்று எனக்கே தெரியவில்லை.