புதன்கிழமை என் முறை, மைனி

அன்பு மைனிக்கு,

அன்பு என்று போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். அண்ணன் பெண்டாட்டி ஆயிற்றே என்று போட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். செத்த பிறகு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? இனிமேல் ‘நீ’ தான். கோபித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள இனி உன்னால் முடியாதே.

உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது போட்ட சண்டையெல்லாம் ஒரு சண்டையா? நான் கத்துவேன், நீ கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஜெபிப்பாய். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம் நீ.

புருஷன் விட்டுவிட்டுப் போனதும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைப்பையோடு திருப்பூர் நல்லூரில் வந்து இறங்கினேன். ‘வா எஸ்தர்’ என்று இடம் கொடுத்தாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடத்தோடு சேர்த்து ஒரு டைம்டேபிளும் கொடுத்தாயே, அதை யார் கேட்டார்கள்?

உனக்கு எல்லாமே ஓட்டம். கிறிஸ்தவ வாழ்க்கை ஒரு பந்தயம், பயிற்சி இல்லாதவர்கள் பாதியில் விழுந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் நீ ஒருநாளாவது சோறு பரிமாறியிருக்கிறாயா? விடிவதற்கு முன்னால் அலாரம். வெள்ளிக்கிழமை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. டிவி கிடையாது. கம்மலைக் கழற்றிப் போட்டாய், சரி, உன் காது, உன் இஷ்டம். என் கம்மலை ஏன் அப்படிப் பார்த்தாய்? ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து செத்த மாதிரி படுத்திருப்பேன். என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பாட்டுப் பாடுவாய். மெதுவாகத்தான் பாடுவாய். அந்த மெதுவுதான் எனக்கு எரிச்சல்.

ஷிப்மென்ட் நெருங்கினால் திருப்பூரில் ஞாயிறு ஏது, திங்கள் ஏது? ஊரே மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது நீ மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்பாய். “ஏனுங்கம்மா, கன்டெய்னர் வந்து நிக்குதுங்க. உங்க சாமி ஒருநாள் பொறுத்துக்க மாட்டாருங்களா?” என்று சூப்பர்வைசர் கெஞ்சியதாக நீயே வந்து சொன்னாய், ஏதோ மெடல் வாங்கியவள் மாதிரி. அப்படி இரண்டு கம்பெனி வேலை போயிற்று. அண்ணனும் நானும் ஓவர்டைம் பார்த்தோம். ஓடியது நீ, மூச்சு வாங்கியது நாங்கள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிரிசியை எதற்கு அந்த ஓட்டத்தில் இழுத்துவிட்டாய்? அதுதான் என் வழக்கு. பெற்றது நீ என்றாலும் எனக்கும் அவள் மருமகள் இல்லையா? நீ கம்பெனிக்குப் போன பிறகு அவளுக்குப் பேன் பார்த்தவள் யார்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் கையில் தின்ன எதையாவது கொடுத்தவள் யார்? நீ அவளுக்கு வசனம் மனப்பாடம் செய்யக் கொடுத்தாய். தப்பில்லாமல் சொன்னால்தான் பால் கொடுப்பாய்.

உனக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். ஒரு சொட்டுக் குடிக்காதவளுக்கு எப்படிக் கெட்டது என்று டாக்டரிடம் நான்தான் சண்டை போட்டேன். உனக்கு அப்போது பாதி நினைவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நடக்கிற மாடி ஹாலில் பாஸ்டர் எழுந்து, சகோதரி எழும்புகிறவரைக்கும் சங்கிலி உபவாசம் என்று அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒருவர் சாப்பிடாமல் இருந்து ஜெபிக்க வேண்டும். அவர் முடிக்கிற இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட அறுந்துவிடக் கூடாது.

சொன்னதோடு விட்டாரா மனுஷன்? “இது தொடர் ஓட்டம். ஒருத்தர் கையிலேர்ந்து அடுத்தவங்க கைக்குக் கோல் போகணும். நீங்க கோலைக் கீழ போட்டா உங்க ஓட்டம் மட்டும் போகல, சகோதரியோட ஓட்டமும் போச்சு” என்று மைக்கில் முழங்கினார். எல்லோரும் ஆமென் போட்டார்கள். நம் பிரிசி முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

யார் யார் என்று கேட்டபோது என் கையும் மேலே போயிற்று. சபையே திரும்பிப் பார்த்தது. நானே திரும்பிப் பார்த்திருப்பேன், யாருடைய கை இது என்று. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தலையைக் காட்டிவிட்டுப் போகிறவள் நான். ஏன் தூக்கினேன்? இன்றுவரைக்கும் தெரியவில்லை. எனக்குப் புதன்கிழமை. எனக்கு அடுத்து வியாழக்கிழமை பிரிசி.

புதன்கிழமை நான் சாப்பிடவில்லை, மைனி. நம்பினால் நம்பு. காலையில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றவில்லை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் டீ நேரத்துக்குப் போண்டா வாசனை மாடிவரைக்கும் ஏறி வருகிறது. அந்தப் பாழாய்ப்போன போண்டாவை அன்றைக்கென்று பார்த்தா அவ்வளவு மணக்கப் போட வேண்டும்? பக்கத்து மெஷின் பீகார்க்காரப் பெண் பிஸ்கட்டை நீட்டி “தீதி, கா லோ” என்று தின்னச் சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. ஜெபம் என்றால் எனக்கு என்ன தெரியும்? ‘அவளை எழுப்பிவிடு, அவளோடு எனக்குச் சண்டை பாக்கி இருக்கிறது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுநாள் விடிந்த பிறகுதான் டீ குடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு காரியத்தைத் தொடங்கி முழுசாக முடித்தது அன்றைக்குத்தான். உன் வெள்ளிக்கிழமைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வயிறு பழகியிருக்க வேண்டும், அதைச் சொல்ல எனக்கு வாய் வர மாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய்.

ஓட்டத்தை முடித்தார் என்று உன் போட்டோவுக்குக் கீழே பெரிதாகப் போட்டு நல்லூர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். முடித்துவிட்டாயாம். அண்ணன் ஒரு பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பெண் ஒரு பக்கம் உறைந்துபோய் நிற்கிறாள், நீ முடித்துவிட்டாய். கை தட்டவா நாங்கள்?

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பிரிசி சாப்பிடுவதை நிறுத்தினாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு வியாழனும் சேர்ந்தது. பிறகு காலேஜுக்குக் கொண்டுபோகிற டிபன் பாக்ஸைத் தெருமுனையில் நாய்க்குக் கவிழ்த்துவிட்டுப் போவதை நானே பார்த்தேன். விடியும் முன்னே எழுந்து, நீ முழங்கால் போடுகிற அதே இடத்தில் முழங்கால் போடுகிறாள். சுடிதார் தோளில் நிற்காமல் தொங்குகிறது.

சபையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “அம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கா” என்று பெண்கள் அவள் தலையைத் தடவினார்கள். பாஸ்டர் அவளை முன்னால் எழுப்பி நிறுத்தி, கோலைக் கையில் வாங்கிய பிள்ளை இவள்தான் என்றார். ஒரு பெண் எலும்பாகப் போவது ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா? நான் எழுந்து கேட்டிருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சரசக்கா எனக்குக் கம்பெனிக்குப் போன் போட்டாள். “எஸ்தரு, சீக்கிரம் வாங்க. பிரிசி பஸ் ஸ்டாப்புல மயங்கி உழுந்துட்டாளுங்க. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டனுங்க.” மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு எனக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, புள்ளைக்கு ஊட்டுல சோறு போடறீங்களா இல்லீங்களா? ஒடம்புல ரத்தமே இல்லீங்க. இப்படியே உட்டா புள்ள தங்காதுங்க.” நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் பயிற்சிக்கு நான் திட்டு வாங்கினேன்.

குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தோம். வந்ததும் சோறு பிசைந்து நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். “ஏட்டி, செத்துத் தொலையணும்னு முடிவே பண்ணிட்டியா? உங்க அம்மைதான் போயிட்டா, நீயும் எங்க உயிர வாங்குதியா?” என்று கத்தினேன்.

அப்போதுதான் சொன்னாள். “அம்மாவ நான்தான் கொன்னுட்டேன் அத்தை.”

“என்னட்டி உளறுத?”

“வியாழக்கிழமை என் முறை. காலேஜ்ல ஒரு ஃப்ரெண்டுக்குப் பர்த்டே. வாயில கேக்கத் திணிச்சிட்டா. துப்பியிருக்கலாம், துப்பல. வாயில பட்டாச்சு, இனி என்னன்னு இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னேன். அப்புறம் பப்ஸும் தின்னேன். பசிச்சுது அத்தை. மறுநாள் அம்மா போயிட்டாங்க. நான் கோலைப் போட்டுட்டேன்.”

இத்தனை நாளும் இதையா வயிற்றில் வைத்திருந்தாள்? கேக் தின்றதற்கெல்லாம் கடவுள் ஆளைக் கொல்ல மாட்டார் என்று சொன்னேன். கேட்பாளா? அம்மாவை உயிராக நினைத்த பெண், அம்மா சொன்னதை நம்புவாளா, அத்தை சொல்வதை நம்புவாளா? அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தாய். ஓடச் சொல்லிக் கொடுத்தாய், ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்தாய், பசியைத் தாங்கச் சொல்லிக் கொடுத்தாய். விழுந்தால் எழுந்திருக்க மட்டும் ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை, மைனி?

அந்த நேரத்தில் உன் மேல் வந்த ஆத்திரத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது.

“உனக்கு முந்தின நாள் யாருட்டி?” என்று கேட்டேன்.

“நீங்க.”

“நான் பட்டினி கிடந்தேன்னு நினைச்சியா? கம்பெனி வாசல்ல பரோட்டா. சால்னாவ ஊத்திப் பிசைஞ்சு தின்னேன். சாயங்காலம் டீயும் போண்டாவும். உங்க அம்மைக்காக நான் வயித்தக் காயப்போடுவேன்னு உனக்கு யாரு சொன்னா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாக்கடையில் விழுந்த எதையோ பார்க்கிற மாதிரி. “சாகக் கிடக்கும்போதுகூடவா அத்தை?”

“ஆமா. எனக்கும் அவளுக்கும் என்னைக்கு ஆச்சு?”

பிறகு மெல்லக் கேட்டாள். “அப்போ எங்கிட்ட வரும்போதே கோல் இல்லையா?”

“எங்கிட்டயே விழுந்துட்டு. உன் கையில என்ன இருந்துச்சு, நீ கீழ போட?”

அடித்தாள், மைனி. தோளிலும் முதுகிலும் கை ஓயும்வரைக்கும் என்னை அடித்தாள். பிறகு ‘அம்மா அம்மா’ என்று அலறி அழுதாள். நீ செத்ததற்கு அன்றைக்குத்தான் அவள் அழுதாள். சரசக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். மூலனூரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்து போட்ட முருங்கைக்காயில் சாம்பார் வைத்திருந்தாள். “ஒரே ஒரு வாய் சாப்புடு கண்ணு” என்று அவள் ஊட்ட, பிரிசி என் பக்கம் திரும்பாமல் தின்றாள். முழுத் தட்டும் தின்றாள்.

இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. விடிந்த பிறகுதான் எழுந்திருக்கிறாள், அப்புறம் ஜெபிக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை. என்னோடு மட்டும் பேசுவதில்லை.

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் ஒன்றும் கத்தவில்லை. “புதன்கிழமை ஒருநாள், ஒரேயொரு நாள் எஸ்தர்” என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் பரிமாறினால் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறான். சபைக்கும் தெரிந்துவிட்டது. பயிற்சி இல்லாமல் களத்தில் இறங்கி மற்றவர்கள் ஓட்டத்தைக் கெடுக்கிறவர்கள் என்று பாஸ்டர் பெயர் சொல்லாமல் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். பாயில் என் பக்கத்தில் இருந்தவள் பைபிளை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் போனேன். கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால், செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிற ரோஷம்தான் இது என்று பிரிசிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வேதனையாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் முழுசாகச் செய்த ஒரே காரியம் அது, மைனி. அதையும் உன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் அன்றைக்கு என்ன தின்றேன், என்ன தின்னவில்லை என்பது அங்கே பரலோகத்தில் நீ இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இரு. அவள் கனவில் கினவில் போய் எனக்காகச் சாட்சி சொல்லித் தொலைக்காதே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அண்ணன் கடைசிவரைக்கும் என் கையால் வாங்கித் தின்னாவிட்டாலும், பிரிசி தன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும், என் வாயிலிருந்து உண்மை வராது. அவள் தட்டில் சோறு இருக்கிறவரைக்கும், உன்னைக் கொன்றவள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உன்னோடு ஒருநாளும் ஒத்துப்போகாத நாத்தனார்,
எஸ்தர்