இருபதாவது பெயர்

சேரன்மகாதேவி
ஜூன் 14

அன்புள்ள கௌசல்யா,

இங்கே நான் நலம். தர்ஷிகாவுக்கு இருமல் நின்றதா? உன் தலைவலி எப்படி இருக்கிறது?

நம் மகளுக்கு இங்கே பள்ளி தேடச் சொன்னாயே. கணினி பொருத்தப் போன பதினோரு அரசுப் பள்ளிகளையும் அளந்துவிட்டேன். ஊரே புகழும் பெரிய பள்ளியில் ஆயிரத்து முந்நூறு பிள்ளைகள், இருபது கணினிகள். போன வருடம் நானே பொருத்தியவை. இன்னும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும் உறைமேல் காய்ந்து கிடக்கிறது. கேட்டால் தலைமையாசிரியர், "பிள்ளைக தொட்டா கெட்டுரும்லா? அதிகாரி வரும்போது புதுசா இருக்கணும்வே" என்கிறார். மடையர்! இதைத்தான் வசதியான பள்ளி என்று கல்வி அலுவலகப் பட்டியலில் முதலில் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஊர் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளி. பத்தொன்பது பிள்ளைகள், ஒரே கணினி. விசைகளில் எழுத்தே தேய்ந்துவிட்டது. எனக்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் தலை எண்ண மட்டுமே தெரிந்த அலுவலகம் அதை மூடப் பார்க்கிறது. "மாசக் கடைசிக்குள்ள இருவது பேர் காட்டினா தப்பிச்சிருவோம் தம்பி" என்றார் மாரித்தாய் டீச்சர்.

உன்னைக் கேட்காமல் தர்ஷிகா பெயரைக் கொடுத்துவிட்டேன். திட்டிக்கொள்.

மாற்றுச் சான்றிதழை உடனே வாங்கு. கேழ்வரகு மாவும் இரண்டு தட்டும் கொண்டு வா. அறையில் ஒரு தட்டுதான் இருக்கிறது.

சீக்கிரம் கிளம்பு. டீச்சர் தினமும் அவள் பெயரைக் கூப்பிடுகிறார். பத்தொன்பது பிள்ளைகளும் சேர்ந்து, "நாளைக்கு வந்துருவா டீச்சர்" என்கிறார்கள்.

உன்,
செந்தூரன்