ரொட்டிக் கடைப் பலகையில் 412

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன். ஒஹையோவில் பனி தொடங்கிவிட்டது.

ஒரு சின்ன விஷயம். என் வேதியியல் கட்டுரையில் வினையை வேகப்படுத்தியது நான் உருவாக்கிய பொருள் இல்லையாம். குடுவையைக் கலக்கும் பழைய காந்தத்தில் ஒட்டியிருந்த உலோக அழுக்காம். புதுக் காந்தம் போட்டதும் ஒன்றுமே நடக்கவில்லை. என் பேராசிரியர் ஹால்வர்சனிடம் சொன்னேன். சிரித்தார்.

“நானூறு பேரு மேற்கோள் காட்டியாச்சு, அன்செல்மோ. இனிமே நீயே பொய்னு சொன்னாலும் யாரு நம்புவா? பேசாம வேலையப் பாரு.”

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நேற்று இதழுக்கு எழுதிவிட்டேன். அங்கே வீட்டில் என் அறையை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். நம் ரொட்டிக் கடைப் பலகையில் சாக்கட்டியால் 412 என்று எழுதிவைத்திருக்கும் மேற்கோள் எண்ணிக்கையை அழித்துவிடுங்கள். இன்று காலை இணையத்தில் அது 415 ஆகிவிட்டது.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் அன்செல்மோ